17-70-ஆ, 18-135-ஆ: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு லென்ஸ் பஞ்சாயத்து

பிப்ரவரி 6, வெள்ளி: கீழக்கரை

கேமராவோடு சேர்ந்து வந்த 16-50 லென்ஸை மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. இந்த எண்கள் மி.மீ.யில் ஃபோகல் நீளம்; சிறிய எண் அகலக் காட்சி, பெரிய எண் தூரத்தைக் கிட்டே இழுப்பது. எடை 116 கிராம்தான், பகல் வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது. பொழுது சாய்ந்ததும் பல்லிளித்துவிடும். எதை வாங்குவது என்று தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது. எஃப் 2.8 இல்லாத ஜூம் ஒரு ஜூமா என்கிறார் ஒருவர்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் ஒளி வாங்கும். 135 வரை போகாததை எதற்குச் சுமக்கிறாய் என்கிறார் இன்னொருவர். சரி, கையிலே எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று மதுரையில் ஒரு கடையில் இரண்டை வாடகைக்கு வாங்கினேன். டாம்ரான் 17-70 எஃப் 2.8 ஒன்று, சோனி 18-135 ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நாள் வாடகை 500 ரூபாய். ஆதார் நகலும் பத்தாயிரம் முன்பணமும் கொடுத்தாயிற்று.

கேமரா சோனி ஏ6400. சென்சார் சிறியது என்பதால் இந்த ஃபோகல் நீளங்களை ஒன்றரையால் பெருக்கினால்தான் முழு ஃபிரேம், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவுக் கணக்கு வரும். அப்படிப் பார்த்தால் டாம்ரான் ஏறக்குறைய 26-105, சோனி 27-202. கேமரா பாடிக்குள், கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அதனால் லென்ஸில் அது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இரண்டிலும் இருக்கிறது. சிக்மா 18-50 எஃப் 2.8-ஐ நான் பட்டியலில் சேர்க்காததற்கு அதுதான் காரணம்; மற்றபடி 290 கிராமில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ராமநாதபுரம் கடற்கரைக்கு வண்டி ஓட்ட நண்பன் ஒருவன் வந்தான். அவனுக்கு லென்ஸில் அக்கறை கிடையாது, மீனில்தான்.

கீழக்கரைக்குள் நுழையும்போது ஜும்மா நேரம். ஷட்டர் எல்லாம் இறங்கிக் கிடந்தது, டீக்கடை உட்பட. ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தொழுகை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் நின்று, “யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்றார். யார் வீட்டுக்கும் இல்லை பாய், சும்மா ஊர் பார்க்க வந்தோம் என்றதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. “ஊருக்கு வந்துட்டு வெயில்ல உக்காந்திருக்கீங்களே” என்று அவரே ஒரு சந்துக்குள் கூட்டிப்போய்ச் சாப்பாட்டுக் கடையில் விட்டுவிட்டுப் போனார். நெய்ச்சோறு, தாளிச்சா, ஆட்டுக்கறி, ஆளுக்கு 180. கடைக்காரரை அங்கே எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அண்ணன் என்ற பொருளில். நண்பன் மூன்றாவது முறை தாளிச்சா கேட்டபோது அவனும் காக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

தொதல் என்ற இனிப்பைக் கிண்டுகிற இடத்தைக் காட்டியவரும் அந்தக் காக்காதான். தகரக் கூரை, விறகடுப்பு, பெரிய இரும்புச் சட்டி. தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி; இவ்வளவுதான் சாமான். மணிக்கணக்கில் கை ஓயாமல் கிண்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுக்கத் தொடங்கும்போதுதான் பதம் வருகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்புப் பக்கம் முகம் சிவந்து தெரிகிறது, மறுபக்கம் இருட்டு. எங்கோ ஒரு சின்ன பல்பு.

இந்த இடத்தில் இரண்டு லென்ஸுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. டாம்ரானில் 2.8 வைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 3200-ல் நொடியில் 125-ல் ஒரு பங்கு ஷட்டர் கிடைத்தது. துடுப்பும் கையும் கூர்மையாக நின்றன. தெருவுக்குப் போய் லென்ஸை மாற்றிக்கொண்டு வந்தால், சோனி 5.6-க்கு இறங்குகிறது. ஒளி நாலில் ஒரு பங்கு. அதே ஐஎஸ்ஓவில் ஷட்டர் 30-ல் ஒரு பங்கு ஆகிவிட்டது. ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்றால், அது என் கை நடுக்கத்துக்குத்தான் மருந்து. அவர்கள் கை ஓடுவதற்கு அது என்ன செய்யும்? சட்டியும் சுவரும் கூர்மை, ஆட்கள் மட்டும் கரைந்த மாதிரி வந்தார்கள்.

கால் கிலோ தொதல் 100 ரூபாய். ஓலைப்பெட்டிக்குத் தனியாக 20 ரூபாய்.

பிப்ரவரி 7, சனி: மண்டபம், பாம்பன்

நேற்று டாம்ரானைக் கழுத்தில் போட்டுத் திரிந்ததில் பிடரி வலி. கேமராவும் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எடைப் பட்டியலில் 525-க்கும் 325-க்கும் நடுவில் உள்ள 200 கிராம் எனக்கு அற்பமாகத் தெரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அப்படித் தெரியவில்லை. இன்று சோனி.

பாம்பன் சாலைப் பாலத்தில் நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது, நிற்காத வண்டியே இல்லை. 1988-ல் திறந்த பாலம். கீழே பக்கத்தில் ரயில் பாலம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுத்துண்டு மட்டும் 72.5 மீட்டர், கப்பல் வந்தால் அது அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். நாங்கள் இருந்தவரை எந்தக் கப்பலும் வரவில்லை. 18-ல் வைத்தால் பாலம் நூலாகி, கடல்தான் படம் முழுக்க. 135-க்கு இழுத்தால் இரண்டு கோபுரமும் நடுத்துண்டும் அழுத்தமாக நிரம்புகின்றன. 70-லேயே நின்றிருந்தால் பிறகு ஓரங்களை வெட்டித்தான் பெரிதாக்கியிருக்க வேண்டும். வாடைக்காற்று தள்ளிய தள்ளில் நண்பனின் தொப்பி பறந்து கடலுக்குப் போனது. போலீஸ்காரர் விசில் ஊதினார். தொப்பிக்கா வண்டிக்கா என்று தெரியவில்லை, கிளம்பிவிட்டோம்.

மண்டபத்தில் ஒரு அக்கா நடத்தும் கடையில் மீன் சாப்பாடு 150. விளமீன் குழம்பில் முண்டு மிளகாய்க் காரம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டு. உருண்டையாக, தோல் தடிப்பாக இருக்கும். உள்ளே போனதும் சத்தம் காட்டாது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் ஏறும். அக்கா எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்காமலே மோர் வைத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

சாயங்காலம் பாம்பன் பக்கம் கரையோரமாகப் போனோம். மணலில் பாசி காய்ந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் சிக்கெடுத்துக் கொண்டிருந்தார்கள். தள்ளி நின்று 135-ல் வைத்து எடுத்தேன். அதில் ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, அம்புட்டு தூரத்துல நின்னு எடுக்கிறீக? கிட்டக்க வந்து எடுங்க. நாங்க என்ன கடிக்கவா போறோம்?”

போனேன். இந்தப் பகுதிப் பெண்கள் மூழ்கிப் பாசி எடுப்பதைப் பற்றிப் படித்திருக்கிறேன்; கருவிகளைப் பார்த்தது இப்போதுதான். ரப்பர் பட்டை வைத்த கண்ணாடி. விரல்களுக்குச் சுற்றிக்கொள்ளும் துணிக்கீற்று, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி. செருப்புக்கு அடியில் கட்டுகிற தகரம். அதுதான் நீந்தும்போது துடுப்பு. மரிக்கொழுந்து ஒரு குவியல், கட்டக்கோரை ஒரு குவியல். மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற பாசியும் உண்டு, அதை இங்கே பெப்சிப் பாசி என்கிறார்கள். அந்தக் கம்பெனிதான் இந்தக் கடலோரத்தில் அதைப் பரப்பியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டன. தீவுப் பக்கம் போனால் வனத்துறையோடு பஞ்சாயத்து என்று அந்த அம்மா நிறையச் சொன்னார். படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

“மூஞ்சி வேணாம். கைய எடுத்துக்கங்க. கைதான சம்பாதிக்குது.”

வலது ஆள்காட்டி விரலில், துணி அவிழ்ந்த இடத்தில், குறுக்கே பழைய வெட்டுகள். பாறையில் கிழித்தவை, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெள்ளைக் கோடுகளாக இறுகியிருந்தன. நகக்கண்ணில் பாசிப் பச்சை. இதற்கு நான் நினைத்ததற்கு நேர்மாறான லென்ஸ் உதவியது. சோனி 135-ல் இருக்கும்போதே 45 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். விரல் ஒன்று ஃபிரேமில் நிறைந்துவிடுகிறது. பையிலிருந்த டாம்ரானையும் மாட்டிப் பார்த்தேன். 17-ல் 19 செ.மீ. வரை நெருங்கலாம், ஆனால் அவ்வளவு கிட்டே போனால் லென்ஸின் நிழலே கைமேல் விழுகிறது. 70-ல் 39 செ.மீ., விரல் அவ்வளவு பெரிதாக வருவதில்லை. தூரத்துக்கு என்று வாங்குகிற லென்ஸ் கிட்டத்தில்தான் எனக்குப் பிடித்துப்போனது.

லென்ஸை மாற்றியபோது உடம்பைக் காற்றுக்கு முதுகாகத் திருப்பி, சட்டைக்குள் வைத்துத்தான் செய்தேன். அந்த அம்மா, “பிள்ளைக்குப் பால் குடுக்குற மாதிரில்ல மறைக்கிறீக” என்றார். மற்றவர்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

பிப்ரவரி 8, ஞாயிறு: ராமேஸ்வரம் துறை, தனுஷ்கோடி

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், நடுநாட்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போனவை ஞாயிறு விடியலில் கரை சேரும் என்று விடுதிக்காரர் சொன்னார். விடிவதற்கு முன்னே டாம்ரானை மாட்டிக்கொண்டு போனோம், இருட்டுக்கு 2.8 வேண்டும் என்று. ஆனால் நண்பன் ராத்திரி முழுக்க ஏசியை 18-ல் வைத்திருந்தான். கடற்கரைப் புழுக்கத்தில் பையைத் திறந்த நொடியில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்தால் மறுபடி பூக்கிறது. நண்டுக் கூடையும் கணவாயும் இறங்கி, ஏலம் கேட்டு, ஐஸ் போட்டு, வண்டியும் கிளம்பிவிட்டது. நான் ஊதிக்கொண்டு நின்றேன். நண்பன் அரைக் கிலோ கணவாய் வாங்கினான். அதை எங்கே சமைப்பது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர் மனைவி மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார், 60 ரூபாய்.

இதற்கு வழி எளிது. வெளியே போவதற்கு அரைமணி முன்பு மூடிய பையோடு கேமராவை ஏசி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பை மெதுவாகச் சூடேறும், ஈரம் கண்ணாடியில் படியாது. மறுநாளிலிருந்து பை பால்கனியில்தான் தூங்கியது.

தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ.; 2017-ல் இந்தச் சாலை வருவதற்கு முன் மணலில் வேன்காரர்கள்தான் கதி. இப்போது ஞாயிற்றுக்கிழமை கார் வரிசை. ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்பார்கள். பாக் நீரிணைதான் பெண்ணாம், அமைதியாம். மாசி பிறக்காத இந்த வாடை நாளில் அது அலையடித்து நுரைத்துக் கிடக்க, மன்னார் வளைகுடாதான் சாதுவாக இருந்தது.

காற்றில் மணல் கணுக்காலில் ஊசி ஊசியாகக் குத்துகிறது. இங்கே லென்ஸைக் கழற்றுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. காரைவிட்டு இறங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும், சாயங்காலம் வரை அதுதான். சோனியை மாட்டினேன். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் போன ஊர். மாதா கோயில் சுவர், தண்ணீர்த் தொட்டி, ரயில் நிலையத்தின் மிச்சம். கோயிலுக்குள் நின்றால் 18 போதவில்லை, 17 இருந்தாலும் போதியிருக்காது. பின்னால் போக மணல்தான் இருக்கிறது, போய்த்தான் எடுத்தேன். அந்தச் சுவருக்கு முன்னால் புதுமணத் தம்பதிகள் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஒவ்வவில்லை. அவர்களுக்கு ஒவ்வியது.

உப்பங்கழியில் பூநாரைகள். இந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு 2025-ல் அறிவித்தது. 135-ல் பார்த்தால் தண்ணீர் விளிம்பில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு. அதற்கு 400-க்கு மேல் வேண்டும். பறவைக்கு ஆசைப்பட்டு யாரும் 18-135 வாங்க வேண்டாம். சாலையோரக் கடையில் பாறை மீன் 350 சொன்னார்கள், 250-க்கு வந்தது. வறுத்த மீனிலும் மணல் நறநறத்தது.

திரும்பும்போது ஜூம் வளையத்தைச் சுற்றினால் ‘கரக் கரக்’ என்கிறது. இந்த லென்ஸ்கள் எல்லாம் ஜூம் செய்தால் குழல் வெளியே நீளும். திரும்பச் சுருங்கும்போது வெளியே ஒட்டியதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முன்னால் போட்டிருந்த 55 மி.மீ. யுவி ஃபில்டரில் ஒரு பால்படலம், எல்லாம் உப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புக்கல் கீறும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தேன். வாடகை லென்ஸ் வேறு. பத்தாயிரம் முன்பணம் கண்ணுக்குள் வந்து போனது.

பிப்ரவரி 9, திங்கள்: அக்னி தீர்த்தம்

ராமநாதசுவாமி கோயில் வெளிப்பிராகாரத்தில் 1212 தூண்கள். அந்த நீளத்தையும் சாய்ந்து வரும் வெளிச்சத்தையும் பார்த்தால் படம் எடுக்கிறவன் கை தானாகக் கழுத்துக்குப் போகும். கழுத்தில் ஒன்றும் இருக்காது. கேமராவும் செல்போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. இந்தப் பயணத்தில் பிடரி வலிக்காமல் நடந்தது அங்கேதான். 22 தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரை வாங்கிக்கொண்டு நண்பன் தும்மிக்கொண்டே வந்தான்.

வெளியே அக்னி தீர்த்தக் கரையில், குளித்து வருகிற குடும்பங்களைப் படமெடுத்துக் கையோடு பிரிண்ட் போட்டுத் தரும் அண்ணன்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஓய்வாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55. லென்ஸும் பாடியும் சேருகிற இடத்தைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார், ஜன்னல் இடுக்கை அடைத்த மாதிரி.

“கழட்டுனா உப்பு ஏறிரும் சார். மாட்டுனதோட சரி.”

அப்படியானால் இருட்டினால்? ராத்திரி கல்யாண வேலைக்குப் போவாராம். அதற்கு 50 எஃப் 1.8 ஒன்று வைத்திருக்கிறார். “டேப்பைப் பிரிச்சு மண்டபத்துக்குள்ள போய் மாட்டிக்குவேன். அங்கதான் காத்து இல்லையே.”

எனக்கு விஷயம் அங்கேதான் தெளிந்தது. லென்ஸை மாற்ற முடியாத இடமெல்லாம் வெட்டவெளி, காற்று, பட்டப்பகல், அங்கே 2.8-க்கு வேலையே இல்லை, 5.6 தாராளம். 2.8 தேவைப்பட்டது தொதல் கிண்டிய கொட்டகையில். அங்கே சுவர் மறைவில் லென்ஸை நிதானமாக மாற்றலாம். மாற்றலாம் என்றாகிவிட்டால் எதற்கு 2.8-ஓடு நிற்க வேண்டும்? வீட்டு அலமாரியில் சிக்மா 30 எஃப் 1.4 சும்மா கிடக்கிறது. 2.8-ஐவிட அது நாலு மடங்கு ஒளி வாங்கும், எடை 265 கிராம். ஸ்டெபிலைசேஷன் இல்லைதான், ஓடுகிற கையைப் பிடிக்க அது தேவையும் இல்லை.

ராத்திரி அறையில் படங்களை ஃபோகல் நீளப்படி வரிசை போட்டுப் பார்த்தேன். சோனியில் எடுத்ததில் பெரும்பாலும் இரண்டு முனைகள்தான், 18 அல்லது 135. டாம்ரானில் எடுத்தவற்றில் 70-ல் முட்டி நின்றவை நிறைய. நல்ல லென்ஸ், ஓரம்வரை கூர்மை. எல்லா நேரமும் கல்யாண மண்டபத்துக்குள் இருக்கிறவர்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் துரத்தித் துரத்தி எடுக்கிறவர்கள் யோசிக்காமல் அதையே வாங்கலாம். ஃபியூஜிக்கும் கிடைக்கிறது. என் பிடரிக்கு அது வேண்டாம்.

அந்த அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் கடலைப் பின்னால் வைத்து எடுத்தார். பிரிண்ட் 50 ரூபாய். தலைக்கு மேலே கொடிக்கம்பம் முளைத்த மாதிரி வந்திருந்தது. இன்னொன்று எடுத்துக் காசு வாங்காமல் கொடுத்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்: மதுரை

வாடகைக் கடைக்காரர் டாம்ரானை மேலோட்டமாகப் பார்த்து வைத்துவிட்டார். சோனியைக் காதருகே வைத்து மெதுவாகச் சுற்றினார். “தனுஷ்கோடியா?” என்றார். சுத்தம் செய்ய 800 ரூபாய் முன்பணத்தில் கழிப்பேன் என்றார். எடுக்கும்போதே லேசாகச் சத்தம் இருந்ததே என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ரசீதில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாதபோது நான் என்ன பேசினாலும் எடுபடாது.

கொஞ்சம் ஆறவிட்டு, இதையே செகண்ட்ஹேண்ட் விலைக்குத் தருவீர்களா என்றேன். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன், பூஞ்சை இல்லை. தலைகீழாகப் பிடித்தேன், குழல் தானாக இறங்கவில்லை. 32 ஆயிரம் சொன்னார். அவரே மணலைக் கழுவி, ஒரு மாதம் பொறுப்பேற்க வேண்டும் என்று பேசி 28-ல் முடிந்தது. கழித்த 800-ஐ மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.